மெஹ்ரான்கர் கோட்டை

மெஹ்ரான்கர், ராஜஸ்தான் மாநிலம் ஜோத்பூர் நகரின் நடுவே செங்குத்தாக எழும் பாறைக்குன்றின் மேல் அமைந்த கோட்டை அரண்மனை. ராத்தோர் குல மன்னர் ராவ் ஜோதா 1459ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் இதற்குக் கால்கோள் இட்டார். மார்வார் அரசின் தலைமை இடமாக ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் விளங்கிய இக்கோட்டை, 1972 முதல் ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் அருங்காட்சியகமாக இயங்குகிறது. நகரத் தரையிலிருந்து குன்றின் உயரம் சுமார் 120 மீட்டர். அதன் மேல் எழுந்த மதில்கள் சில இடங்களில் 36 மீட்டர் உயரமும் 21 மீட்டர் அகலமும் உள்ளவை.

இந்தக் கோட்டையை ஒரே மன்னர் கட்டி முடித்ததாகக் கொள்ள முடியாது. ஜோதா தொடங்கியதை மால்தேவ் விரித்தார். சூர் சிங், அஜித் சிங், அபய் சிங், மான் சிங், தக்த் சிங் என ஒவ்வொருவரும் தம் காலத்துக்குரிய வாயிலையோ மாளிகையையோ சேர்த்தனர். அதனால் வாயில்களையும் மாளிகைகளையும் வரிசையாகப் பார்த்தாலே மார்வாரின் ஐந்து நூற்றாண்டு அரசியலைப் படித்துவிடலாம். அவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டிய வேறொரு வரலாறும் உண்டு. அடித்தளத்தில் உயிரைக் கொடுத்தவர், சுண்ணாம்புச் சூளைக்காக வெட்டப்படவிருந்த மரங்களைக் காத்து மாண்டவர்கள், வாயிலில் கைத்தடம் பதித்துச் சிதையேறிய பெண்கள், பாறையின் ஒலி கேட்டுக் கல் உடைத்தவர்கள் ஆகியோரின் வரலாறு அது. மன்னர்களின் பெயர்களோடு இவர்களையும் எண்ணினால்தான் மெஹ்ரான்கரின் கதை முழுமை பெறும்.

குன்றும் கல்லும்

கோட்டை நிற்கும் குன்று ரயோலைட் என்னும் எரிமலைப் பாறையால் ஆனது. மலானி எரிமலைப் பாறைத் தொகுதி எனப் புவியியலார் வகுத்துள்ள இப்பாறைகள் எழுபது கோடி ஆண்டுகளுக்கு மேல் பழமையானவை. இவற்றின் மேல் பிற்காலத்தில் மணற்கல் அடுக்குகள் படிந்தன. இரண்டு பாறைகளும் ஒன்றையொன்று தொடும் இடம் கோட்டையின் அடிவாரத்தில் தெளிவாகத் தெரிவதால், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது.

கோட்டையின் தோற்றத்தை வகுத்தவையும் இந்த இரண்டு கற்களே. இறுகிய ரயோலைட் பாறை, செங்குத்துச் சரிவாக நின்று இயற்கை அரணானது. எளிதில் செதுக்கத்தக்க ஜோத்பூர் மணற்கல், மேலே உள்ள மாளிகைகளின் பலகணிகளுக்கும் கல்ஜாலிகளுக்கும் பயன்பட்டது. கீழிருந்து நோக்கினால் குன்று எங்கே முடிகிறது, மதில் எங்கே தொடங்குகிறது என்று பல இடங்களில் பிரித்தறிய முடியாது.

கதிரவனைக் குறிக்கும் ‘மிஹிர்’ என்ற சொல்லோடு கோட்டை என்னும் பொருளுடைய ‘கர்’ சேர்ந்து மெஹ்ரான்கர் என்ற பெயர் அமைந்தது என்பர். ராத்தோர்கள் தங்களைச் சூரிய குலத்தவராகக் கூறிக்கொண்டவர்கள்.

மண்டோரிலிருந்து புதிய தலைநகருக்கு

ஜோத்பூருக்கு முன் மார்வாரின் தலைநகராக இருந்தது, வடக்கே சுமார் 9 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மண்டோர். ஜோதாவின் தந்தை ராவ் ரண்மல், மேவார் அரசில் செல்வாக்கு மிகுந்தவராக இருந்தார். அந்தச் செல்வாக்கே பகையை வளர்த்தது. 1438இல் அவர் சித்தோர்கரில் கொல்லப்பட்டார். உயிர் தப்பிய ஜோதா பாலை நிலத்தில் அலைந்து படை திரட்ட, மண்டோர் மேவார் வசமாயிற்று. அதை மீட்க அவருக்கு 1453 வரை காலம் பிடித்தது.

இந்த அலைச்சல் காலத்தைப் பற்றி மார்வாரில் ஒரு கதை வழங்குகிறது. பசியோடு ஒரு ஜாட் குடியானவரின் வீட்டுக்கு வந்த ஜோதா, தட்டில் இட்ட சூடான கம்புக் கூழின் நடுவில் கைவைத்துச் சுட்டுக்கொண்டாராம். வந்தவர் யாரென்று அறியாத வீட்டுக்காரப் பெண், “ஓரத்திலிருந்து உண்ணத் தெரியாத நீயும் ஜோதாவைப் போலத்தான் இருக்கிறாய், அவனும் ஓரத்து ஊர்களை விட்டுவிட்டு மண்டோரையே நேராகத் தாக்கித் தோற்கிறான்” என்று கடிந்துகொண்டாளாம். அதன்பின் எல்லைப்புறச் சாவடிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து அவர் வென்றார் என்கிறது கதை. இதே கதை வேறு மன்னர்கள் பேரிலும் சொல்லப்படுகிறது. ஆயினும் சிறு படைகொண்டு படிப்படியாக நிலம் மீட்ட ஜோதாவின் வழிக்கு இது நன்றாகவே பொருந்துகிறது.

மீட்ட மண்டோர் பாதுகாப்பானதாக ஜோதாவுக்குத் தோன்றவில்லை. நாற்புறமும் நெடுந்தொலைவு பார்க்கக்கூடிய, ஏறுவதற்கு அரிய இந்தக் குன்றை அவர் தேர்ந்தார். பறவைகள் மிகுந்த மலை என்று அது அப்போது அறியப்பட்டிருந்தது. சாரணர் குலத்தில் தோன்றி மக்களால் தெய்வமாக வணங்கப்பட்ட கர்ணி மாதாவே அடிக்கல் நாட்டினார் என்பது மரபு. மறு ஆண்டு, 1460இல், மண்டோரில் இருந்த சாமுண்டா தேவியின் திருவுருவைக் கொண்டுவந்து குன்றின் தென்முனையில் நிறுவினார் ஜோதா. அரச குடும்பத்தின் இஷ்ட தெய்வமான தேவி காலப்போக்கில் நகர மக்கள் அனைவருக்கும் காவல் தெய்வமானாள்.

துறவியின் சாபமும் ராஜியாவின் உயிரும்

கோட்டையின் தொடக்கத்தோடு இரண்டு செய்திகள் பிணைந்துள்ளன. ஒன்று சாபம். குன்றில் தனித்து வாழ்ந்த சீரியாநாத் என்ற துறவியைக் கோட்டைக்காக வெளியேறச் சொன்னார்கள். சினமுற்ற அவர், இந்த நிலத்துக்குத் தண்ணீர்ப் பஞ்சம் வரட்டும் என்று சபித்துவிட்டுப் போனாராம். அவரைத் தணிக்க ஜோதா அவருடைய ஊற்றருகே ஒரு குளமும் கோயிலும் அமைத்தார்.

மற்றொன்று பலி. சாபத்தைப் போக்கவும் கோட்டை நிலைக்கவும் வேண்டி, தாழ்த்தப்பட்ட மேக்வால் சமூகத்தைச் சேர்ந்த ராஜாராம் என்கிற ராஜியா அடித்தளத்தில் உயிரோடு புதைக்கப்பட்டார். அவர் தாமாக முன்வந்தார் என்றே அரச மரபு சொல்கிறது. ஈடாக அவர் குடும்பத்துக்கு நிலம் தரப்பட்டது. அது ராஜ் பாக் என்று வழங்குகிறது. கோட்டைக்குள் அவருக்கு நினைவுக்கல் உண்டு.

சாதிப் படிநிலையின் அடித்தட்டில் வைக்கப்பட்ட ஒருவர், அரசன் கேட்கும்போது எவ்வளவு ‘தாமாக’ முன்வர முடியும் என்ற வினா இந்த இடத்தில் எழாமல் போகாது. ராஜியாவின் பெயர் மறையாமல் நிலைத்ததற்கு அரண்மனை மரபு ஒரு காரணம். அவருடைய மக்கள் அவரை மறக்க மறுத்தது அதைவிடப் பெரிய காரணம்.

நீர்

சாபத்தின் கதை எப்படியிருந்தாலும் பாலைவன ஓரத்துக் குன்றின் மேல் படையையும் அரண்மனையையும் வாழவைப்பது தண்ணீரைப் பொறுத்த செயல். ஜோதாவின் அரசி ஜஸ்மாதே காலத்தில் குன்றின் அடியில் ராணிசர் ஏரி வெட்டப்பட்டது. அதன் அருகில் பிற்பாடு பத்மசர் ஏரி அமைந்தது. சுற்றியுள்ள பாறைமேடுகளில் விழும் மழைநீரைக் கால்வாய்கள் திரட்டி ராணிசருக்குக் கொண்டுவந்தன. ராணிசர் கோட்டையின் தேவைக்கு. அது நிரம்பி வழியும் நீர் ஊர்மக்கள் பயன்படுத்திய பத்மசருக்கு. நீரிலும் மேல்கீழ் வரிசை இருந்தது என்றாலும், ஆண்டுக்குச் சில நாட்களே பெய்யும் மழையில் ஒரு துளியும் வீணாகாதபடி அமைந்த ஏற்பாடு இது.

18ஆம் நூற்றாண்டில் அபய் சிங் காலத்தில் மதிலின் கீழே சோக்கேலாவ் தோட்டமும், நகருக்குள் அவருடைய அரசி கட்டுவித்த தூர்ஜி படிக்கிணறும் இந்த நீர்மரபில் சேர்ந்தன. நீண்ட காலம் குப்பையும் சேறும் மூடிக்கிடந்த தூர்ஜி படிக்கிணறு அண்மைக் காலத்தில் தூர்வாரப்பட்டு, ஜோத்பூரில் மக்கள் கூடும் இடங்களுள் ஒன்றாகியிருக்கிறது.

மால்தேவும் ஷெர்ஷாவும்

ஜோதாவின் பேரரசு அவருக்குப் பின் பல கிளைகளாகப் பிரிந்தது. அவர் மகன் பீக்கா வடக்கே சென்று பீக்கானேரை நிறுவினார். மார்வாரை மீண்டும் பெரும் அரசாக உயர்த்தியவர் ராவ் மால்தேவ். 1532 அளவில் ஆட்சிக்கு வந்த அவர் கோட்டையின் மதில்களை நீட்டி வலுப்படுத்தினார். இன்று காணும் அரணமைப்பின் பெரும்பகுதி அவர் காலத்தில் வடிவம் பெற்றது.

1544 ஜனவரியில் ஷெர்ஷா சூரி பெரும்படையோடு மார்வாருக்குள் நுழைந்தார். சமேல் என்ற இடத்தில் இரு படைகளும் எதிரெதிரே பல நாட்கள் தங்கியிருந்தன. மால்தேவின் தளபதிகள் தம்மோடு சேர்ந்துவிட்டதாகத் தோன்றும் போலிக் கடிதங்களை ஷெர்ஷா மால்தேவின் பார்வையில் படச் செய்தார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஐயுற்ற மால்தேவ் பின்வாங்கினார். பழி சுமந்த தளபதிகள் ஜைதாவும் கூம்பாவும் தங்கள் நேர்மையை மெய்ப்பிக்கச் சிறு படையோடு பாய்ந்து, ஷெர்ஷாவைத் தோல்வியின் விளிம்புவரை கொண்டுபோய், போர்க்களத்தில் மாண்டனர். ஒரு பிடி கம்புக்காக இந்துஸ்தானத்தையே இழக்கவிருந்தேனே என்று ஷெர்ஷா வருந்தியதாகச் சொல்லப்படுவது இப்போருக்குப் பின்னர்தான். ஜோத்பூர் கோட்டை ஆப்கானியர் கைக்குப் போயிற்று. 1545இல் ஷெர்ஷா காலிஞ்சரில் இறந்ததும் மால்தேவ் அதை மீட்டார்.

எந்த எதிரியும் கைப்பற்றாத கோட்டை என்ற பெருமை மெஹ்ரான்கருக்கு அடிக்கடி சூட்டப்படுவதுண்டு. ஷெர்ஷாவின் காலமும் பின்வந்த முகலாயர் காலமும் அதற்கு இடம் தரவில்லை. இழந்ததை ஒவ்வொரு முறையும் மீட்டார்கள் என்பதே ராத்தோர்களின் உண்மையான பெருமை.

முகலாயரோடு போரும் உறவும்

மால்தேவ் 1562இல் இறந்தபின் பட்டத்துக்கு வந்த சந்திரசேன் அக்பருக்குப் பணிய மறுத்தார். 1560களில் கோட்டை முகலாயர் வசமானது. சந்திரசேன் 1581இல் இறக்கும்வரை காட்டிலும் மலையிலும் இருந்தபடி போரிட்டார். அவருடைய அண்ணன் உதய் சிங் வேறு வழியைத் தேர்ந்தார். அக்பரின் பணியில் சேர்ந்த அவருக்கு 1583இல் ஜோத்பூர் திரும்பக் கிடைத்தது. அவர் மகள் ஜகத் கோசாயின் இளவரசர் சலீமை மணந்தார். அவர்களுக்கு 1592இல் பிறந்த குர்ரம்தான் பின்னாளில் ஷாஜகான். ஆகவே தாஜ்மகாலைக் கட்டிய பேரரசர் ராத்தோர் இளவரசியின் மகன்.

முகலாய உறவு கோட்டைக்குள் செல்வத்தையும் புதிய கலைச்சுவையையும் கொண்டுவந்தது. உதய் சிங்கின் மகன் சூர் சிங், 1595 முதல் 1619 வரை ஆண்டபோது கட்டிய மோத்தி மஹல், இன்றுள்ள மாளிகைகளுள் பழமையானவற்றில் ஒன்று. சிப்பிகளை இடித்துச் சுண்ணாம்பில் கலந்து பூசியதால் அதன் சுவர்களில் முத்தின் மெருகு தெரிகிறது. சுவரின் மேற்பகுதியில் ஐந்து மாடங்கள் உள்ளன. அவற்றின் பின்னே மறைந்திருந்து அரசியர் அவை நடவடிக்கைகளைக் கேட்டனர் என்று கூறப்படுகிறது.

முதலாம் ஜஸ்வந்த் சிங் (1638-1678) ஷாஜகானின் முதன்மைத் தளபதிகளுள் ஒருவர். 1658இல் தர்மத் போரில் ஔரங்கசீப்பிடம் தோற்றுத் திரும்பிய அவருக்கு, தோற்றவர் தன் கணவராக இருக்க முடியாது என்று அரசி கோட்டைக் கதவை அடைத்தார் என்ற செய்தியை அக்காலத்தில் இந்தியாவில் இருந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர் எழுதிவைத்திருக்கிறார்.

ஜஸ்வந்த் சிங் 1678இல் வடமேற்கு எல்லையில் ஜம்ரூதில் வாரிசின்றி இறந்தார். 1679 பிப்ரவரியில் அவர் மனைவிக்கு லாகூரில் பிறந்த குழந்தையே அஜித் சிங். அதற்குள் ஔரங்கசீப் மார்வாரைத் தம் நேரடி ஆட்சியில் எடுத்துக்கொண்டிருந்தார். தில்லியில் காவலில் வைக்கப்பட்ட குழந்தையைத் துர்காதாஸ் ராத்தோரும் தோழர்களும் மீட்டுச் சென்றனர். கோரா என்ற செவிலித்தாய், தன் குழந்தையை அங்கே கிடத்திவிட்டு இளவரசனை எடுத்துச் சென்றாள் என மார்வார் மரபு போற்றுகிறது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் துர்காதாஸ் குதிரை முதுகிலேயே வாழ்ந்து போரிட்டார். 1707இல் ஔரங்கசீப் இறந்த செய்தி எட்டியதும் அஜித் சிங் ஜோத்பூருக்குள் நுழைந்து கோட்டையை மீட்டார். அந்த வெற்றியின் நினைவாக எழுந்ததே, பழைய நகரத்திலிருந்து ஏறிவருவோரை எதிர்கொள்ளும் ஃபதே போல் வாயில். கண்ணாடித் துண்டுகள் பதித்த ஷீஷ் மஹலும் அவர் காலத்ததே. கோட்டையை மீட்ட அஜித் சிங்கை 1724இல் அவருடைய மகன் பக்த் சிங்கே கொன்றார்.

அபய் சிங்கும் கேஜர்லியும்

அஜித் சிங்கின் மூத்த மகன் அபய் சிங் 1730இல் அகமதாபாத்தில் குஜராத் ஆளுநர் சர்புலந்த் கானை வென்றார். அங்கிருந்து வந்த பெருஞ்செல்வத்தின் பயனாக எழுந்தது ஃபூல் மஹல். பொன்பூச்சு விதானமும் நுண்ணிய ஓவியங்களும் கொண்ட இம்மாளிகை மெஹ்ரான்கரின் மிக ஆடம்பரமான அறை. பன்னிருவர் சுமக்க வேண்டிய மகாடோல் என்ற பொன்பூச்சுப் பல்லக்கும் அதே போரின் வெற்றிப்பொருள். இன்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதே 1730இல் அரண்மனைக் கட்டுமானத்துக்குச் சுண்ணாம்பு நீற்ற விறகு தேவைப்பட்டது. ஜோத்பூருக்குத் தென்கிழக்கே உள்ள கேஜர்லி கிராமத்தில் மரம் வெட்ட ஆட்கள் அனுப்பப்பட்டனர். தமிழ்நாட்டுக் கோயில்களில் தலவிருட்சமாக நாம் அறிந்த வன்னியே அங்கே கேஜ்ரி எனப்படும் மரம். மழை பொய்த்தாலும் தழையும் காயும் நிழலும் தரும் அம்மரம் பாலை நிலத்து வேளாண்மைக்கு உயிர்நாடி. கேஜர்லியில் வாழ்ந்த பிஷ்னோய் மக்கள், குரு ஜாம்போஜி 1485இல் வகுத்த 29 நெறிகளைப் பின்பற்றுபவர்கள். பச்சை மரத்தை வெட்டாமை அந்நெறிகளில் ஒன்று. அமிர்தா தேவி என்ற பெண் மரத்தைக் கட்டிக்கொண்டு கோடரிக்குத் தன்னைக் கொடுத்தார். அவருடைய மகள்களும், தொடர்ந்து அக்கம்பக்கத்து ஊர்மக்களும் அவ்வாறே செய்தனர். 363 பேர் மாண்டனர். செய்தி கேட்ட மன்னர் மரம் வெட்டுவதை நிறுத்தி, பிஷ்னோய் ஊர்களில் மரம் வெட்டவும் வேட்டையாடவும் தடை விதித்தார் என்பது மரபு.

கோட்டைச் சுவர்களின் சுதைப்பூச்சைப் பற்றி எழுதும் எவரும் கேஜர்லியை விட்டுவிட்டு எழுதலாகாது. மரத்தைத் தழுவிக் காத்த 1970களின் சிப்கோ இயக்கத்துக்கு முன்னோடியாக இந்நிகழ்ச்சி கருதப்படுகிறது. செப்டம்பர் 11ஆம் நாள் இன்று இந்தியாவில் தேசிய வனத் தியாகிகள் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

மான் சிங்: முற்றுகை, யோகம், ஓவியம்

1803 முதல் 1843 வரை ஆண்ட மான் சிங் மெஹ்ரான்கரின் மன்னர்களில் சிக்கலான ஆளுமை. ஜாலோர் கோட்டையில் முற்றுகையில் சிக்கி நம்பிக்கை இழந்திருந்த அவரிடம், நாத யோகியான தேவ்நாத், சில நாள் பொறுத்தால் அரசு கிடைக்கும் என்றார். அதுபோலவே எதிரியாக இருந்த மன்னர் பீம் சிங் திடீரென இறக்க, மான் சிங் அரியணை ஏறினார். அன்று முதல் நாத யோகிகளே அவருக்குக் குருமார்களும் ஆலோசகர்களும் ஆனார்கள். நகருக்கு வெளியே 84 தூண்கள் கொண்ட மகாமந்திர் கோயில் அவர்களுக்காக எழுந்தது.

மேவார் இளவரசி கிருஷ்ணகுமாரியை யார் மணப்பது என்பதில் ஜெய்ப்பூருக்கும் ஜோத்பூருக்கும் மூண்ட பகையில், 1806-07இல் ஜெய்ப்பூர், பீக்கானேர் படைகள் கோட்டையை முற்றுகையிட்டன. கோட்டை தாங்கி நின்றது. இன்று பார்வையாளர்கள் முதலில் நுழையும் ஜெய் போல், அந்த வெற்றியின் நினைவாக மான் சிங் கட்டியது. அடுத்த வாயிலில் பீரங்கிக் குண்டுகள் பதிந்த வடுக்கள் இன்னும் தெரிகின்றன. காவல் போரில் வீழ்ந்த கீரத் சிங் சோடா என்ற வீரருக்கு அருகிலேயே நினைவு மண்டபம் உள்ளது. பகைக்குக் காரணமாக்கப்பட்ட கிருஷ்ணகுமாரியோ, இரு தரப்பின் நெருக்கடியால் 1810இல் நஞ்சு கொடுக்கப்பட்டு உயிரிழந்தாள். அவளுக்கு அப்போது பதினாறு வயது.

இவ்வளவு கொந்தளிப்புக்கு இடையிலும் மான் சிங் 1805இல் கோட்டையில் புத்தகப் பிரகாஷ் என்ற சுவடி நூலகத்தை நிறுவினார். அவர் ஆதரவில் ஜோத்பூர் ஓவியர்கள் நாத யோகத் தத்துவத்தைப் பேரளவு ஓவியங்களாகத் தீட்டினர். உருவமற்ற பரம்பொருளைக் காட்ட, பக்கம் முழுவதையும் வெறும் பொன்னாக நிரப்பிய ஓவியமும் அவற்றுள் உண்டு. பல தலைமுறைகள் வெளியுலகம் அறியாமல் கிடந்த இந்த ஓவியங்கள், 2008-09இல் வாஷிங்டனிலும் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வைக்கப்பட்டு, இந்திய ஓவிய வரலாற்றில் ஜோத்பூருக்குரிய இடத்தை உறுதிசெய்தன.

1818இல் மான் சிங்கின் அரசு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு உடன்படிக்கை செய்தது. அதன்பின் மெஹ்ரான்கர் பெரிய போர் எதையும் காணவில்லை.

லோஹா போலின் கைத்தடங்கள்

லோஹா போல் என்ற இரும்பு வாயிலின் சுவரில் சிறிய கைகளின் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. மன்னர் இறந்தபின் சிதைக்குப் புறப்பட்ட பெண்கள் வாயிலைக் கடக்கும்போது பதித்த கைத்தடங்களின் நினைவு அது. 1843இல் மான் சிங் இறந்தபோது அவருடைய மனைவியர் சிலர் இவ்வாறு மாண்டனர். மக்கள் அந்தத் தடங்களுக்கு இன்றும் குங்குமமும் வெள்ளித்தாளும் சாற்றி வணங்குகின்றனர். வணக்கத்துக்குரியவர்களாக்கப்பட்ட அப்பெண்கள் கொடுமைக்கு ஆளானவர்கள் என்பதையும் உணர்ந்தே அங்கு நிற்க வேண்டும். போரில் இறந்தவனுக்கு மண்டபமும் பெயரும் உள்ள கோட்டையில், இந்தக் கைகளுக்குரியவர்களின் பெயர்களைச் சுவர் சொல்வதில்லை.

இறங்கிவந்த அரசு

மான் சிங்குக்குப் பின் ஆட்சிக்கு வந்த தக்த் சிங் (1843-1873), கோட்டையில் வாழ்ந்த கடைசி மன்னர். அவருடைய தக்த் விலாஸ் அறையில் தரை முதல் விதானம் வரை ஓவியங்கள்; விட்டங்களிலிருந்து ஐரோப்பியக் கிறிஸ்துமஸ் கண்ணாடி உருண்டைகள் தொங்குகின்றன. 1857இல் மின்னல் தாக்கிக் கோட்டையின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. பலர் இறந்தனர், சாமுண்டா கோயிலும் சிதைந்தது. தக்த் சிங் அதை மீண்டும் கட்டினார்.

அடுத்த தலைமுறை சமவெளி அரண்மனைகளுக்கு இறங்கியது. இரண்டாம் ஜஸ்வந்த் சிங்கின் நினைவாக 1899இல் அருகே எழுந்த ஜஸ்வந்த் தடா, ஒளி ஊடுருவும் மெல்லிய பளிங்குப் பலகைகளால் ஆனது. பஞ்சத்தில் வேலையிழந்தோருக்குப் பிழைப்பு தரும் வகையில் உமேத் சிங் 1929இல் தொடங்கிய உமேத் பவன் அரண்மனை 1943இல் முடிந்தது. 1949இல் ஜோத்பூர் அரசு ராஜஸ்தானோடு இணைந்தது. பயன் இழந்த மெஹ்ரான்கரில் வௌவால்களும் தூசியும் குடியேறின.

அருங்காட்சியகமாக மறுபிறப்பு

1971இல் மன்னர் மானியம் ஒழிக்கப்பட்டபோது நாட்டின் பல கோட்டைகள் கைவிடப்பட்டன, சில விற்கப்பட்டன. நான்கு வயதில் பட்டத்துக்கு வந்திருந்த இரண்டாம் கஜ் சிங், 1972இல் மெஹ்ரான்கர் அருங்காட்சியக அறக்கட்டளையை நிறுவிக் கோட்டையைப் பொதுமக்களுக்குத் திறந்தார். யானை அம்பாரிகள், பல்லக்குகள், போர்க்கருவிகள், துணிகள், 17ஆம் நூற்றாண்டு முகலாய அரசவைக் கூடாரம், ஓவியங்கள் எனச் சேகரிப்பு விரிந்தது. கோட்டைப் பராமரிப்புக்கான செலவில் பெரும்பங்கு நுழைவுக் கட்டணத்திலிருந்தே வருகிறது. ராஜஸ்தானின் ஆறு மலைக்கோட்டைகளை யுனெஸ்கோ 2013இல் உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தபோது மெஹ்ரான்கர் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. ஆயினும் பேணும் முறையில் அது பல கோட்டைகளுக்கு வழிகாட்டி.

சுற்றியுள்ள பாறை நிலமும் மறுவாழ்வு பெற்றது. நம் ஊர் ஏரிகளையும் வயல்களையும் விழுங்கிய அதே சீமைக்கருவேல மரம் கோட்டையடியிலும் வேரோடியிருந்தது. 2006இல் தொடங்கி, மரநூல் அறிஞர் பிரதீப் கிருஷன் தலைமையில் சுமார் 70 ஹெக்டேரில் அதை அகற்றி, மண்ணுக்குரிய பாலைத் தாவரங்களை நட்டனர். பாறைக்குள் இறங்கிய வேரை எடுப்பது எளிதாக இல்லை. பரம்பரைக் கல்லுடைப்பவர்களான கண்ட்வாலியா மக்களே வழி கண்டனர். சுத்தியலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு பாறையின் உட்பிளவை அறிந்து அவர்கள் குழிகளை வெட்டினார்கள். ஜோதாவின் காலத்தில் குன்றைக் கோட்டையாக்கியதும் இத்தகைய கைத்திறனே.

கோட்டை இன்றும் வழிபாட்டிடம். நவராத்திரியில் நகரமே சாமுண்டா தேவியைக் காண ஏறிவருகிறது. 2008 செப்டம்பர் 30ஆம் நாள் அதிகாலை, அந்தக் கூட்டத்தில் ஏற்பட்ட நெரிசலில் 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர், பெரும்பாலோர் இளைஞர்கள். 2007 முதல், சரத் பௌர்ணமியை ஒட்டி இங்கு நடக்கும் நாட்டுப்புற இசை விழாவில் லங்கா, மாங்கணியார் இசைக்கலைஞர்கள் பிற நாட்டவரோடு சேர்ந்து பாடுகிறார்கள்.

காணச் செல்வோருக்கு

அக்டோபர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம். ஊர்தியில் வருவோர் ஜெய் போல் வழியாகவும், பழைய நகரத் தெருக்களில் நடந்து வருவோர் ஃபதே போல் வழியாகவும் நுழைகின்றனர். வாயில்கள் ஏழு. ஏற்றம் நேராகச் செல்லாமல் வாயிலுக்கு முன் சட்டெனத் திரும்புவது, யானை ஓடிவந்து கதவை மோத இடம் தராதிருக்க. கதவுகளின் கூர்முனைகளும் அதற்காகவே. ஏற முடியாதவர்களுக்கு மின்தூக்கி உண்டு. சூரஜ் போலைக் கடந்தால் அருங்காட்சியகம்; மன்னர்கள் முடிசூடிய பளிங்கு இருக்கை கொண்ட சிருங்கார் முற்றம் அங்கேதான். பீரங்கிகள் நிறுத்திய தென்புறக் கொத்தளத்திலிருந்து பார்த்தால், சுண்ணாம்பில் நீலம் கலந்து பூசிய பிரம்மபுரி வீடுகள் குன்றின் காலடியில் விரிகின்றன.

பெரும்பாலான பயணியர் மோத்தி மஹலுக்கும் ஃபூல் மஹலுக்கும் விரைகிறார்கள். அவற்றின் அழகு அந்த விரைவுக்குத் தகுந்ததே. ஆயினும் ராஜியாவின் நினைவுக்கல்லையும் லோஹா போலின் கைகளையும் நின்று பார்த்த பிறகு அம்மாளிகைகளுக்குள் செல்வது முறை. மறுநாள் நேரம் இருந்தால் கேஜர்லிக்கும் போய்வரலாம். யாருடைய உழைப்பிலும் உயிரிலும் இந்தச் சுவர்கள் எழுந்தன என்று அறிந்தவருக்கே, ஃபூல் மஹலின் பொன் விதானம் தன் முழு விலையோடு தெரியும்.